கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம்: நெடுந்தூரம் போவது நட்பின் கடமையா?

நெருங்கிய தோழிக்கு மதுரையில் கல்யாணம். அதற்கு ஒரு மாதம் முன்பு தோழிகள் மட்டும் கோவாவில் கூடி மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் தனிக் குழு தொடங்கியாயிற்று. தேதிக்கு வாக்கெடுப்பு நடக்கிறது. கடலோர வில்லாவுக்கு முன்பணத்தை ஜிபேயில் போடச் சொல்லி ஒருத்தி நினைவூட்டுகிறாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கட்டைவிரலைக் காட்டிவிட்டார்கள். டொராண்டோவில் வேலை பார்க்கும் ஒருத்தி மட்டும் இன்னும் பதில் போடவில்லை. கல்யாணத்துக்கு வருவதென்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். இந்தக் கோவா சந்திப்புக்கும் வர வேண்டுமா என்பதில்தான் தயக்கம்.

இதை ஒருத்தியின் சொந்தக் குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. நண்பரின் மகிழ்ச்சியில் நேரில் பங்குகொள்வது கடமையா, விருப்பமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளாகப் பதில் சொல்லப்பட்டு வருகிறது. அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொண்டாட்டம் நண்பர்கள் கைக்கு வந்த வழி

தமிழ்க் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய சடங்குகளுக்குக் குறைவில்லை. பரிசம் போடுதல், நிச்சயதார்த்தம், பந்தக்கால் நடுதல், நலங்கு, பெண்ணழைப்பு என்று ஊருக்கும் குலத்துக்கும் ஏற்ப வரிசை நீளும். யாழ்ப்பாணத்தில் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். லண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிய ஈழத் தமிழரிடையே அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. இவற்றில் யார் வர வேண்டும், யார் என்ன செய்ய வேண்டும் என்பதை உறவுமுறையே முடிவு செய்துவிடுகிறது. தாய்மாமன் வராவிட்டால் குறை. அத்தை வராவிட்டால் பேச்சு. நண்பர் வராவிட்டால் என்ன என்பதற்கு விதி இல்லை. நண்பருக்கென்று அங்கே இடம் ஒதுக்கப்பட்டதே அரிது. யாழ்ப்பாண முறையில் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பவர்கூடப் பெரும்பாலும் பெண்ணின் சகோதரர்தான்.

நண்பர்கள் மட்டும் கூடும் இன்றைய கொண்டாட்டத்தின் வடிவம் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தது. அங்கேயும் அது நெடுங்காலம் உள்ளூர் மதுக்கடையில் ஓர் இரவோடு முடிந்த விஷயம். அதைப் பயணமாக்கியதில் விமானக் கட்டணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானச் சேவை மீதான கட்டுப்பாடுகள் 1997இல் முழுமையாகத் தளர்ந்தன. 2004இல் செக் குடியரசு, போலந்து, ஹங்கேரி, எஸ்தோனியா, லாட்வியா முதலியவை ஒன்றியத்தில் சேர்ந்தன. குறைந்த கட்டண விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் பிராக், கிராகோவ், ரிகா போன்ற நகரங்களில் வார இறுதிதோறும் பிரிட்டிஷ் மாப்பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் வந்திறங்கினார்கள். அமெரிக்காவில் லாஸ் வேகஸும் நாஷ்வில்லும் இதற்கே பெயர் பெற்றன. 2011இல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ இந்தி திரைப்படம், கல்யாணம் நிச்சயமான ஒருவனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் ஸ்பெயினில் மேற்கொள்ளும் பயணத்தைக் காட்டியது. நண்பர் பயணம் என்ற ஆசையை இந்திய நகரத்து இளைஞர்களின் மனத்தில் ஊன்றியதில் அந்தப் படத்துக்கும் பங்கு இருக்கலாம்.

வழக்கம் இடம் மாறியபோது செலவு முறை சரிவர மாறவில்லை. நம் ஊரில் கல்யாணம் செய்துகொள்பவரிடம் ‘ட்ரீட் எப்போ?’ என்றுதான் கேட்போம். காசு அவர் கையிலிருந்து போகும். அமெரிக்க வழக்கத்தில் வருபவர்கள் தங்கள் பங்கைக் கொடுப்பதோடு, பல சமயம் மணப்பெண்ணின் பங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே குழுவில் பாதிப் பேர் முதல் எண்ணத்தோடும் மீதிப் பேர் இரண்டாம் எண்ணத்தோடும் இருந்தால் மனக்கசப்பு எளிதில் வரும். கேள்வி இவ்வளவு கடினமாகத் தோன்றுவதற்கு, விதி இன்னும் படியாத வழக்கம் இது என்பதே முதல் காரணம் என்று கருதலாம்.

துன்பத்துக்கு வருபவரே நண்பர் என்ற நிலைப்பாடு

பழைய பதில்களில் வலுவானது இது. சந்தோஷத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, சங்கடத்துக்கு வந்தால் போதும் என்று இன்றும் வீடுகளில் சொல்கிறோம். இதன் மிக அழுத்தமான தமிழ்ச் சான்று கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதை. சோழன் உறையூரில், புலவர் பாண்டிய நாட்டுப் பிசிரில். இருவரும் நேரில் கண்டதே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பிசிரான் நிச்சயம் வருவான், அவனுக்கும் இடம் விடுங்கள் என்று உடனிருந்தவர்களிடம் சொன்னான். புறநானூற்றின் 215, 216ஆம் பாடல்கள் சோழன் சொன்னவையாகவே உள்ளன. செல்வம் இருந்த காலத்தில் வராமல் இருந்தாலும் துன்பம் வந்த காலத்தில் அவன் வராமல் இருக்கமாட்டான் என்ற கருத்து 215ஆம் பாடலிலேயே இருக்கிறது. புலவர் வந்தார், தாமும் வடக்கிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது சோழனின் நம்பிக்கையின் வடிவம். செல்வக் காலத்து வராமையை அவன் குறையாக எண்ணவில்லை. எத்தனையோ விழாக்களுக்கும் விருந்துகளுக்கும் பிசிராந்தையார் வந்ததில்லை; நட்பு அதனால் தேயவும் இல்லை. திருக்குறளும் இந்தப் பக்கமே சாய்கிறது. நட்பாராய்தல் அதிகாரம் கேட்டை நண்பரை அளக்கும் கோலாகச் சொல்கிறது. 785ஆம் குறள், நட்புரிமைக்கு நெருங்கிப் பழகுவது தேவையில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்கிறது. அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் எடுத்துக்காட்டுவதும் இந்தச் சோழனையும் புலவரையும்தான்.

இதன் பலவீனம் என்ன? இந்தக் கதையை விதியாக எடுத்துக்கொண்டால் நண்பரின் வாழ்க்கையில் இழவுகளுக்கு மட்டுமே போவோம். மேலும், நேரில் காணாமலே நிலைத்த நட்பு என்பதால்தான் அது பாடப்பட்டது. சோழனுடன் இருந்த புலவர் பொத்தியாரே 217ஆம் பாடலில் வியந்து நிற்கிறார். வியப்புக்குரிய ஒன்றைச் சாதாரண மனிதர்களுக்கு அளவுகோலாக வைப்பது எந்த அளவுக்குச் சரி என்பது விவாதத்துக்குரியது.

மகிழ்ச்சிக்கும் ஆள் வேண்டும் என்ற நிலைப்பாடு

அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இதைக் கிட்டத்தட்ட நேராகவே விவாதித்திருக்கிறார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் 8, 9ஆம் பகுதிகள் முழுவதும் நட்பைப் பற்றியவை. துன்பத்தில் இருக்கும் நண்பரிடம் அழைக்காமலே போக வேண்டும் என்கிறார். நண்பர் நன்றாக இருக்கும்போது அவருடைய செயல்களில் மனமுவந்து சேர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் அவரிடமிருந்து நன்மை பெறுவதில் அவசரம் காட்டக் கூடாது. அதே சமயம் எதையும் மறுத்து மகிழ்ச்சியைக் கெடுப்பவர் என்ற பெயரும் எடுக்கக் கூடாது என்று சேர்க்கிறார். ஒன்றாகக் குடிப்பது, தாயம் உருட்டுவது, வேட்டைக்குப் போவது, தத்துவம் பேசுவது என்று அவரவருக்குப் பிடித்ததைச் சேர்ந்து செய்வதில்தான் நட்பு வாழ்கிறது என்பது அவர் கருத்து. தூரம் நட்பை முறிப்பதில்லை, நட்பின் செயலை நிறுத்திவைக்கிறது. பிரிவு நீண்டால் மறதி வரும் என்றும் எச்சரிக்கிறார். கோவா வில்லாவில் மூன்று நாள் என்பதற்கு இதைவிடப் பழைய வக்கீல் கிடைப்பது அரிது.

இருபத்தோராம் நூற்றாண்டின் உளவியல் ஆய்வு இந்தப் பக்கத்துக்கு எதிர்பாராத பலம் சேர்த்தது. ஷெல்லி கேபிளும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, துணையின் கெட்ட செய்திக்கு நாம் காட்டும் ஆதரவைவிட, நல்ல செய்திக்கு நாம் காட்டும் உற்சாகம் உறவின் நலத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதாகக் காட்டியது. துன்பமே அளவுகோல் என்ற பழைய முடிவை இது தலைகீழாக்கவில்லை. ஆனால் அந்த முடிவு பாதிதான் என்று தோன்றச் செய்கிறது. எச்சரிக்கையும் தேவை. அந்த ஆய்வு காதலர்களைப் பற்றியது. அவர்கள் அளந்தது செய்தி கேட்டதும் முகத்திலும் பேச்சிலும் தெரிந்த உற்சாகத்தை. விமானம் ஏறியதை அல்ல. கல்யாணச் செய்தி கேட்ட இரவே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசிய தோழி, இந்த ஆய்வின்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள் என்றுகூட வாதிடலாம்.

தொடர்பு நிற்கும்போது நட்பு எப்படித் தேய்கிறது என்பதை சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும் பள்ளி முடித்து வெளியேறிய பிரிட்டிஷ் மாணவர்களை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நட்பைத் தக்கவைத்தது ஆண்களிடையே பெரும்பாலும் சேர்ந்து செய்யும் செயல்கள் என்றும், பெண்களிடையே பேச்சு என்றும் 2015இல் எழுதினார்கள். சில மாணவர்களைக் கொண்ட இந்த முடிவை எல்லா ஊருக்கும் வயதுக்கும் நீட்டக் கூடாது. இருந்தாலும் தொடர்ந்த கவனிப்பு இல்லாமல் நெருக்கம் நிற்காது என்பதில் அரிஸ்டாட்டிலும் இவர்களும் ஒரே பக்கம்தான்.

மேடையில் கிடைக்காத நேரம்

இந்த இடத்தில் தமிழ்க் கல்யாணத்தின் அமைப்பையே சற்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆய்வுகள் தொடாத ஒரு காரணம் அதில் இருக்கிறது.

வரவேற்பு மாலையில் மண்டபத்துக்குள் நுழையும் நண்பர் முதலில் வரிசையில் நிற்கிறார். முன்னால் பெண் வீட்டுச் சொந்தம், மாப்பிள்ளையின் அலுவலகம், அப்பாவின் நண்பர்கள். மேடை ஏறியதும் பரிசுப் பையை வாங்கிப் பின்னால் வைக்கிறார்கள். ‘கொஞ்சம் உள்ளே வாங்க, இங்கே பாருங்க’ என்று புகைப்படக்காரர் சொல்கிறார். ஒரு கைகுலுக்கல், காதருகே இரண்டு வார்த்தை, அடுத்த குடும்பம் ஏறிவிடுகிறது. ‘சாப்பிட்டுட்டுப் போங்க’ என்ற குரல் பின்னாலிருந்து வருகிறது. மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்கு நடுவே மணப்பெண் யாரையும் தேடிப் பார்க்கும் நிலையில் இல்லை.

கல்யாணம் உறவினர்களின் நாள். பத்து, பதினைந்து ஆண்டு பழகிய நண்பருக்கு அதில் கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே கல்யாணத்துக்கு வருகிறேனே, முந்தைய கொண்டாட்டம் எதற்கு என்ற வாதம் பார்ப்பதற்கு வலுவாகத் தெரிந்தாலும் உள்ளே ஓட்டை இருக்கிறது. சொந்தங்களின் கண் படாமல் நண்பர்கள் சாவகாசமாகப் பேச, பயத்தைச் சொல்ல, பழைய கதையை எடுக்க வேறு இடம் இல்லை என்பதால்தான் இந்தப் புதிய வழக்கம் இவ்வளவு விரைவாக நகரங்களில் வேர்விட்டது என்று நினைக்கிறேன். இதை வெறும் மேலைநாட்டு மோகம் என்று சொல்பவர்கள் அது நிரப்பும் வெற்றிடத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

கொடுக்கல் வாங்கல் என்ற நிலைப்பாடு

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ், கொடையைப் பற்றி 1925இல் வெளியான கட்டுரையில் மூன்று கடப்பாடுகளைச் சொன்னார்: கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது. தமிழ்நாட்டில் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேர், ஊர், தொகை எல்லாம் எழுதப்படுகின்றன. மொய் செய்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வந்ததற்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் செய்கிறோம். புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளின் மொய் விருந்து இதைத் தனி நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டது. இந்தப் பார்வையில் நம் தோழியின் கேள்விக்கு விடை எளிது: உன் விசேஷத்துக்கு அவள் வந்தாளா? வந்தாளென்றால் போ.

எளிமையே இதன் குறை. மொய்யில் திருப்பிச் செய்வதைப் பணமாக அளக்கலாம். பயணத்தை எப்படி அளப்பது? சென்னையிலிருந்து கோவா வருபவளும் டொராண்டோவிலிருந்து வருபவளும் நோட்டில் ஒரே வரியா? தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை. கொண்டாட்டம் ஐரோப்பாவில் என்றால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. அமெரிக்காவில் எச்1பி விசாவில் வேலை செய்பவர் வெளியே வந்தால் திரும்பிப் போவதற்கு முத்திரை கிடைக்குமா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கைக்குழந்தை உள்ளவள், ஆண்டுக்குப் பத்து நாள் மட்டுமே விடுப்பு உள்ளவள், தம்பியின் படிப்புக் கடனைக் கட்டுபவள் ஆகியோருக்கு ஒரே அழைப்பின் விலை ஒன்றல்ல. கணக்கு வைக்கும் நட்பு இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. ஒரே பள்ளியில் படித்தவர்கள் முப்பது வயதில் வெவ்வேறு வருமானத்தில் நிற்பதால், வில்லாவின் பங்கு ஒருத்திக்கு ஒரு மாலைச் செலவு, இன்னொருத்திக்கு ஒரு மாத வாடகை. குழுவில் எல்லாருடைய கண்ணெதிரில் ‘எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று தட்டச்சு செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஏற்பாடு செய்பவர்கள் அவசியம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுக்கும் உரிமை

ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய நட்பு பற்றிய நூலை நண்பர் அட்டிகஸுக்கே உரித்தாக்கினார். அட்டிகஸ் பல ஆண்டுகள் ஏதென்ஸில் வாழ்ந்தவர். சிசரோ அவருக்கு எழுதிய கடிதங்கள் பதினாறு தொகுதிகளாக இன்றும் இருக்கின்றன. தூரத்து நட்பை அனுபவித்தவர் சொல்வது கவனத்துக்குரியது. முக்கியமான கடமைகளுக்காக நண்பர்கள் பிரிந்திருக்க நேரும், பிரிவைத் தாங்க முடியவில்லை என்பதற்காக நண்பரைத் தடுப்பவர் பலவீனர் மட்டுமல்ல, நட்பிலேயே நியாயமற்றவர் என்கிறார். கடமை வரமுடியாதவரிடமிருந்து அழைத்தவரின் பக்கம் மாறிவிடுகிறது: வராததைப் பொறுப்பதும் நட்பின் வேலை. திருக்குறளின் பழைமை அதிகாரமும் இதையே வேறு வழியில் சொல்கிறது. பழகிய நண்பர் மனம் நோகும்படி ஏதேனும் செய்தால், அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ கொள்ள வேண்டும் என்கிறது 805ஆம் குறள்.

மறுத்தால் உறவு கெடும் என்ற அச்சம் அளவுக்கு மீறியது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. ஜூலியன் கிவியும் கொலீன் கர்க்கும் 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொடரில், அழைப்பை மறுப்பவர்கள் அழைத்தவருக்கு ஏற்படும் வருத்தத்தை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் கற்பனை செய்வதாகக் கண்டார்கள். அழைத்தவர் மறுப்பை மட்டுமே எடைபோடுவார் என்று மறுப்பவர்கள் எண்ணுவதாகவும், அழைத்தவரோ மறுப்புக்கு முன் நடந்த யோசனையையும் எண்ணிப் பார்ப்பதாகவும் விளக்கினார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது இரவு உணவு போன்ற சாதாரண அழைப்புகள். வாழ்நாளில் ஒருமுறை வரும் நிகழ்ச்சிக்கு இதை அப்படியே பொருத்துவது துணிச்சல். செய்யாமல் விட்டதற்கான வருத்தமே நெடுங்காலம் நிற்கும் என்று உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களில் காட்டியது இதற்கு எதிர்த் திசையில் இழுக்கிறது.

நண்பர்களுக்கு அப்பால்

இந்த விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்படுபவர்கள் கொண்டாட்டம் நடக்கும் ஊர்க்காரர்கள். 2023இல் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சி, தொல்லை தரும் கேளிக்கைக்காக வரும் இளம் பிரிட்டிஷ் ஆண்களை வர வேண்டாம் என்றே விளம்பரம் செய்தது. 2024இல் பிராக் நகரம் இரவு நேரத்தில் ஏற்பாடு செய்யப்படும் மதுக்கடைச் சுற்றுலாக்களைத் தடை செய்தது. விமானப் புகையின் சூழல் சேதத்தைக் காட்டி, கல்யாணத்துக்கு ஒன்று கொண்டாட்டத்துக்கு ஒன்று என இரண்டு நெடும்பயணம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. இந்த வாதங்கள் கொண்டாட்டத்தின் இடத்தையும் வடிவத்தையும் கேள்வி கேட்கின்றன. தோழிகள் கூடுவதையே கேள்வி கேட்பதில்லை. அருகில் ஓர் ஊரில் அமைதியாகக் கூடினால் இவற்றின் வலு பெரிதும் குறைந்துவிடும்.

தீராமல் நிற்பவை

மேலே கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் முழு விடை தரவில்லை. ஒரு முக்கியமான கொண்டாட்டத்துக்கு வராமல் போனது பத்து ஆண்டுக்குப் பின் நட்பை என்ன செய்கிறது என்பது நீண்டகால ஆய்வில் மட்டுமே தெரியும். மேற்சொன்ன உளவியல் முடிவுகள் பெரும்பாலும் மேலைநாட்டவரைக் கொண்டு எட்டப்பட்டவை. உறவினர் நிகழ்ச்சிகள் நிறைந்த, நண்பருக்கு முறையான இடம் இல்லாத சமூகத்தில் அவை எப்படி மாறும் என்பது திறந்த கேள்வி. பயணச் செலவை யார் ஏற்பது என்பதில் நம்மிடையே பொது இணக்கம் உருவாகவில்லை. காணொளி அழைப்பு எந்த அளவுக்கு ஈடாகும் என்பதிலும் உறுதியாகச் சொல்ல இடமில்லை.

இருப்பதை வைத்துச் சொல்ல முடிந்தது இவ்வளவு. கல்யாணத்துக்கு முன்பு நண்பருக்கு அவசரமில்லாத நேரம் கொடுப்பது நெருங்கிய நட்பின் கடமை என்பதற்கு அரிஸ்டாட்டில் முதல் இன்றைய ஆய்வு வரை போதிய ஆதரவு இருக்கிறது. அந்த நேரத்தைக் குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட மூன்று நாளில், கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டும் என்பதற்கு ஆதரவு எங்கும் இல்லை. மொத்தமே நான்கு பேர் கூடுகிற இடமாக இருந்து, மணப்பெண் தானே கூப்பிட்டு ‘நீ இல்லாம எனக்கு முடியாதுடி’ என்று சொல்லியிருந்தால், பணமும் விடுப்பும் விசாவும் இடம் கொடுத்தால் போகவே வேண்டும். பன்னிரண்டு பேர் குழுவில் வந்த பொது அழைப்பென்றால், முடியாது என்பதைக் குழுவில் எழுதாமல் அவளிடமே தொலைபேசியில் சொல்லி, முன்பணம் கட்டும் நாளுக்கு முன்பே சொல்லி, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே மதுரைக்கு வந்து அவள் வீட்டில் தங்குவது கோவாவுக்குக் குறைந்ததல்ல.

பதில் போடாமல் நாள் கடத்துவது மட்டும் எந்த நிலைப்பாட்டின்படியும் சரியில்லை. அழைப்பு கையில் இருப்பவர்கள் இன்றே கூப்பிட்டுப் பேசுங்கள்.